ஒரே ஒரு டெஸ்ட் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திங்கட்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கம் முழுக்க உலகக் கோப்பைதான். சரி, 17 வருஷம் கழித்து வந்த டி20 கோப்பை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிறன்று சேப்பாக்கத்தில் நடந்த இந்தியா-தென்னாப்பிரிக்கா பெண்கள் டெஸ்ட் கிரிக்கெட் ஓர் ஓரத்தில் நாலு வரியோடு நின்றுவிட்டது. அதைப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

முந்தின ராத்திரி பார்படாஸில் உலகக் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்கா நம்மிடம் தோற்றதைக் கடைசிப் பந்துவரை பார்த்துவிட்டு, தூக்கம் கலையாத கண்ணோடு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அதே நாட்டின் பெண்கள் 236 ரன்னுக்கு 4 விக்கெட் என்று அன்றைய ஆட்டத்தைத் தொடங்கி, மீதி ஆறு விக்கெட்டையும் 30 ரன்னில் விட்டார்கள். நம் ஸ்னேஹ் ராணாவுக்கு 8 விக்கெட். முதல் நாளே நம் ஷஃபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தனாவும் 292 ரன் சேர்த்து அடித்து நொறுக்கியிருந்தார்கள். அன்று ஒரே நாளில் நம் அணி 525. ஆண்கள் டெஸ்டில்கூட ஓர் அணி ஒரு நாளில் 509-ஐத் தாண்டியதில்லை. நாம் 603, அவர்கள் 266. ஃபாலோ ஆன், அதாவது அவர்களே உடனே இரண்டாவது இன்னிங்ஸும் ஆட வேண்டும். சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

ஆட்டமே அப்புறம்தான். அவர்கள் கேப்டன் லாரா வோல்வார்ட் காலை முன்னே வைப்பார், பந்து காலடியிலேயே செத்து விழும். மறுபடி அதே. பக்கத்து வரிசைப் பெரியவர் ஒருவர், "இந்தப் பொண்ணு விடாது போலிருக்கே" என்றார். சுனே லூஸ் 109 அடித்தார், இருவருமாக 190. வோல்வார்ட் மறுநாள் 314 பந்து ஆடி 122-இல் போனார். நதீன் டி கிளர்க் 61 ரன்னுக்கு 185 பந்து எடுத்துக்கொண்டார். இரண்டாவது இன்னிங்ஸில் மொத்தம் 373 ரன், 154 ஓவருக்கு மேல் நின்றார்கள். நமக்கு 37 அடித்தால் போதும், பத்து விக்கெட்டில் ஜெயித்தோம்.

இப்படி நின்று ஆடிய அணி, 2014 நவம்பரில் மைசூரில் நம்மோடு ஆடிய பிறகு 2022 ஜூனில் இங்கிலாந்தின் டான்டனில்தான் அடுத்த டெஸ்டைப் பார்த்தது. ஏழரை வருஷம், சனி பிடித்த மாதிரி. நம் பெண்களுக்கும் 2021-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆடும்வரை ஒரு டெஸ்டும் இல்லை. அந்த மைசூர் டெஸ்டில் 192 அடித்தவர் நம் சென்னைப் பெண் திருஷ் காமினி. அது அவருடைய இரண்டாவது டெஸ்ட், கடைசி டெஸ்டும் அதுதான். 192 அடித்த ஆண் ஒருவரை இப்படி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நீங்களே தலையங்கம் எழுதியிருப்பீர்கள்.

இந்தச் சுற்றுப்பயணத்தில் மூன்று ஒருநாள், மூன்று டி20, டெஸ்ட் மட்டும் ஒன்று. முதல் இன்னிங்ஸில் தடுமாறியவர்கள் இரண்டாவதில் கற்றுக்கொண்டார்கள். கற்றதைக் காட்ட இன்னொரு டெஸ்ட் வேண்டாமா? டி20-இல் ஒன்றைக் குறைத்துக்கொண்டு இரண்டு டெஸ்ட் வைத்தால் என்ன குடி முழுகிவிடும்? கிரிக்கெட் வாரியங்கள் காதில் விழும்படி உங்கள் பத்திரிகை கேட்கலாம். ஸ்கோர் பட்டியலையாவது முழுசாகப் போடலாம்.

வெள்ளிக்கிழமை இங்கேயே டி20 தொடங்குகிறது. மகள் கேட்டாள், போவோம். "அதுலயும் அந்த அக்கா நாள் முழுக்க நிப்பாங்களா?" என்றாள். இருபது ஓவர்தான்டி என்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவல்லிக்கேணி, சென்னை.
2.7.2024