வீட்டு விசாவா, கம்பனி விசாவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு விளம்பரங்கள் வரும் பக்கத்தை எங்கள் ஊர் இளைஞர்கள் தலையங்கத்தைவிடக் கவனமாக வாசிக்கிறார்கள். இதை நான் ஊகத்தில் எழுதவில்லை. அக்கரைப்பற்றில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, பாஸ்போட்டும் சாரதி அனுமதிப்பத்திரமும் கையுமாகத் திங்கட்கிழமை காலையில் வந்து நிற்பவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். அந்தப் பக்கத்தைப் பற்றியே இந்த முறைப்பாடு.

"சவூதிக்குச் சாரதிகள் உடனடியாகத் தேவை" என்று விளம்பரம் வருகிறது. சம்பளம் கொட்டை எழுத்தில் இருக்கும். உணவும் தங்குமிடமும் இலவசம் என்றிருக்கும். ஏஜென்சியின் உரிம இலக்கமும் ஒழுங்காகவே இருக்கும். யாருக்குச் சாரதி என்பது மட்டும் இருக்காது. கம்பனியின் லொறியை ஓட்டுவதற்கா, ஒரு வீட்டின் காரை ஓட்டுவதற்கா? ஸ்டியரிங் ஒன்றுதானே என்று தம்பிமார் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் சட்டம் வேறு.

சவூதியின் 2005ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் வீட்டுத் தொழிலாளர்களைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. வீட்டுப் பணிப்பெண் மட்டுமல்ல, வீட்டுச் சாரதியும் அந்த வகைக்குள்தான் வருகிறார். கம்பனிச் சாரதிக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது சட்டம். அதற்கு மேல் வேலை வாங்கினால், அந்த மணித்தியாலத்துக்குரிய கூலியோடு அடிப்படைச் சம்பளத்தில் பாதியும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். இக்காமா, அதாவது அங்கே தங்கியிருப்பதற்கான அனுமதி அட்டை, எடுப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் ஆகும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்ட முடியாது என்கிறது 40ஆவது பிரிவு. வேலை முடிந்து வரும்போது கிடைக்கும் பணிக்கொடையைப் பாருங்கள். கம்பனியில் நான்கு வருடம் வேலை செய்து ஒப்பந்தம் முடிந்து வருபவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் இரண்டு மாதச் சம்பளம் வரும். வீட்டு விசாவில் போனவருக்கு அதே நான்கு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம்தான். அவருக்கென்று தனி ஒழுங்குவிதிகள் இருக்கின்றன, ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கம்பனி விசாவில் போன நண்பனுக்குக் கிடைப்பதெல்லாம் தனக்கும் கிடைக்கும் என்று நம்பிப் போகிறவன் ஏமாந்துபோகிறான்.

எனக்கு மருமகன் முறையான ஒருவருக்கு இதுதான் நடந்தது. சாரதி வேலை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். காலையில் கஃபீலின், அதாவது தன் பெயரில் விசா எடுத்துக் கூப்பிட்ட முதலாளியின், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டால், பகல் முழுவதும் அதே கஃபீலின் கட்டடப் பொருள் கடையில் சீமெந்து மூட்டை சுமக்கவேண்டும். மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. பக்கத்து அறையில் இருந்த நம் நாட்டுப் பிள்ளைகள், "மூன்று மாதம் தொடர்ந்து சம்பளம் தராவிட்டால் முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பனிக்கு மாறலாம், சட்டம் வந்திருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது பொய்யல்ல. 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் அந்த உரிமையைக் கொடுத்தது. ஒரு வருடம் வேலை செய்த பிறகு சம்மதம் கேட்காமல் வேலை மாறலாம், நாட்டை விட்டுப் போகவும் முதலாளியிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை என்றெல்லாம் அப்போதுதான் வந்தது. ஆனால் வீட்டுச் சாரதி, பணிப்பெண், காவலாளி, தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் ஆகியோரை அந்தச் சீர்திருத்தத்தில் சேர்க்கவில்லை. மருமகன் இக்காமாவை எடுத்துக் காட்டியபோதுதான், தான் வீட்டு விசாவில் வந்தவன் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கடைக்காரக் கஃபீல் எதற்காக வீட்டு விசாவில் ஆள் எடுக்கிறார்? காரணம் பணம்தான். கம்பனியின் பெயரில் ஒரு வெளிநாட்டவரை வைத்திருந்தால், பொதுவாக மாதத்துக்கு 700 அல்லது 800 றியால் அரசாங்கத்துக்குக் கட்டவேண்டும். வீட்டுச் சாரதியின் இக்காமாவுக்கு வருடத்துக்கே 600 றியால் போதும். இந்த வித்தியாசத்தை மிச்சம் பிடிப்பவர் கஃபீல். கடையில் வைத்துச் சோதனையில் பிடிபட்டால் பதில் சொல்ல நிற்பவன் எங்கள் ஊர்ப் பையன்.

"போன பிறகு தொழிலை மாற்றிக்கொள்ளலாம்" என்று உப முகவர்கள் சொல்வதை என் கடை வாசலிலேயே கேட்டிருக்கிறேன். கஃபீல் மனம் வைக்காமல் அது நடக்காது என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. "ஃப்ரீ விசா" வியாபாரமும் இப்படித்தான். ஒருவருடைய பெயரில் இக்காமா எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் வேலை செய்வதை அந்நாட்டுத் தொழிற்சட்டத்தின் 39ஆவது பிரிவு தடுக்கிறது. காணியை ஈடு வைத்து வாங்கும் விசாவுக்கு ஃப்ரீ என்று பெயர் வைத்தவரின் துணிச்சலை என்னவென்பது!

எல்லா நாட்டிலும் இதே நிலை என்று நான் எழுதவில்லை. கட்டாரில் 2021 மார்ச் முதல் 1,000 றியால் என்ற குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் வீட்டுத் தொழிலாளருக்கும் உண்டு. ஐக்கிய அரபு இராச்சியத்தில் கம்பனித் தொழிலாளருக்கு 2021ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம், வீட்டுத் தொழிலாளருக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அங்கேயும் இரண்டு சட்டங்கள்தான். எந்த நாடாக இருந்தாலும், விசாவில் தொழில் என்ற இடத்தில் எழுதியிருப்பதே ஒருவர் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறார் என்பதைத் தீர்மானிக்கிறது. விசிட் விசாவில் போகிறவருக்கு அந்த வரியே கிடையாது. அவர் தொழிலாளியே அல்ல.

இதில் பத்திரிகைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். விளம்பரப் பணம் உங்களுக்கு வருகிறது, ஐயா. எனவே ஒரு நிபந்தனை போடும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. சாரதி, காவலாளி, சமையற்காரர், தோட்டக்காரர் என்று ஆள் கேட்கும் ஒவ்வொரு விளம்பரத்திலும் "வேலை தருபவர்: கம்பனி" அல்லது "வேலை தருபவர்: தனி வீடு" என்று ஒரு வரி இருக்கவேண்டும். விசாவில் எழுதப்படும் தொழிலின் பெயரையும் அப்படியே போடச் சொல்லுங்கள். இதற்கு மறுக்கும் ஏஜென்சி எதை மறைக்கிறது என்று வாசகர்கள் தாங்களே புரிந்துகொள்வார்கள்.

பிரதேச செயலகங்களில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆலோசனை கேட்டு வருகிறவரிடம் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் விசாப் பிரதியை வாங்கித் தொழிலைப் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் குர்ஆன் மத்ரசாவில் ஓதியவர்கள். அரபு எழுத்தைக் கூட்டி வாசிக்க அவர்களுக்குத் தெரியும். "சாயிக் காஸ்" என்றிருந்தால் அது வீட்டுச் சாரதி என்று ஒருமுறை காட்டிக்கொடுத்தால் பிறகு அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியைக் கையொப்பமிடும் நாளுக்கு முன்பே கையில் கொடுக்கும்படி ஏஜென்சிகளை வேலைவாய்ப்புப் பணியகம் கட்டாயப்படுத்தவேண்டும்.

வீட்டு விசாவில் போகவே கூடாது என்பது என் வாதமல்ல. நல்ல கஃபீல்மாரிடம் வேலை செய்து வீடு கட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். தெரிந்துகொண்டு போகிறவர் சம்பளத்தைப் பேசும்போதே ஓய்வு நாளையும் வேலை நேரத்தையும் பேசி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவார். பணியகத்தில் பதிந்துவிட்டுப் போனால், பிரச்சினை வரும்போது வீட்டார் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அப்போது பணியகத்தார் கேட்கும் ஒப்பந்தப் பிரதியும் விசாப் பிரதியும் வீட்டில் இருக்கவேண்டும். பலர் போன பிறகுதான் அவற்றைத் தேடி ஏஜென்சிக்கு அலைகிறார்கள்.

இப்படிக்கு,
போட்டோ கொப்பிக் கடைக்காரர்,
அக்கரைப்பற்று.