ஆகஸ்டில் வேண்டாம், ஜனவரியில் வா

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுததிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அப்பா படிக்கட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததை, மாவுக்கட்டு பிரிக்கிற நாள்வரை உன்னிடம் சொல்லாமல் இருந்தது தப்புதான். சொல்ல வேண்டாம் என்றது நான். அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே.

"யாருமே இல்லாத ஊர்ல நீங்க ரெண்டு பேரும் என்னதான் பண்றீங்க, லண்டனுக்கே திரும்பி வந்துடுங்க" என்றாய். நீ இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே துருக்கியில் பதினொன்று. 2016-இலிருந்து இவர்கள் குளிர்காலத்துக்குக் கடிகாரத்தைப் பின்னால் நகர்த்துவதில்லை. தூக்கக் கலக்கத்தில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு நல்ல மழை. அப்பா விழுந்த சத்தம் கேட்டு என்னைவிட முன்னால் ஓடி வந்தது மேல்வீட்டு தெய்ஸே, அதாவது மேல்வீட்டுப் பெரியம்மா. எழுபத்தியிரண்டு வயது, முழங்கால் வலி வேறு. அவர் மகன் காய்கறி ஏற்றும் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பியது, எக்ஸ்ரேக்கு அழைத்துப் போனது, விடியற்காலையில் வீட்டில் கொண்டுவந்து விட்டது எல்லாம் அவன்தான். அதற்கப்புறம் பத்து நாள் நான் அடுப்பே பற்றவைக்கவில்லை என்றால் நம்புவாயா? மைசூர் பருப்பு சூப், ஆலிவ் எண்ணெயில் வதக்கிய பீன்ஸ், பிலாவ் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். மருந்துக்கடைக்காரர், ரொட்டிக்கடைப் பையன், டோல்முஷ் மினிபஸ் ஓட்டுகிறவர், யாரைப் பார்த்தாலும் "கெச்மிஷ் ஓல்சுன்" என்றார்கள். வந்த கஷ்டம் கடந்து போனதாக இருக்கட்டும் என்று அர்த்தம்.

இங்கேயும் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். உன் ஆச்சி ஒரு துண்டு வெல்லமாவது போட்டுத்தான் கொடுத்தனுப்புவாள், ஞாபகம் இருக்கிறதா? அதே வழக்கம்தான். அப்பாவுக்குக் கொஞ்சம் தேறியதும் ரவா கேசரி கிளறி ஒரு தட்டில் வைத்து மேலே கொண்டுபோனேன். தெய்ஸேயின் முகம் சட்டென்று மாறியது. இங்கே துக்க வீட்டில் ரவை அல்வா கிளறிக் கொடுக்கிற வழக்கம் உண்டு. அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இப்போதெல்லாம் பருப்பு வடைதான் அனுப்புகிறேன்.

யாரும் இல்லாத ஊர் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை தெரியுமா? இந்த பாஷை. லண்டனில் முப்பது வருடம் எல்லாரையும் 'ஆன்ட்டி' என்று ஒரே சொல்லால் கூப்பிட்டோம். துருக்கியர்கள் நம்மைப்போலவே பிரித்துச் சொல்கிறார்கள். அம்மாவின் அக்கா தங்கை என்றால் தெய்ஸே, அப்பாவின் அக்கா தங்கை என்றால் ஹாலா, தாய்மாமாவுக்குத் தனிச் சொல். அம்மாவை 'அன்னெ' என்கிறார்கள். எவ் என்றால் வீடு, எவ்தெ என்றால் வீட்டில், எவ்தென் என்றால் வீட்டிலிருந்து. நம் வேற்றுமை உருபு மாதிரி வால் ஒட்டிக்கொண்டே போகிறது, வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது என்ன என்றால், 'கெல்தி' என்றால் வந்தான், 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம். நம் 'ஆம்' அப்படியே இருக்கிறது! இதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொல்லவே முடியாது. அந்த வித்தியாசத்தை நான் சரியாகச் சொன்ன முதல் நாள், பக்கத்துவீட்டுப் பெண்கள் என்னைத் தேநீருக்கு உட்கார வைத்து ஊர்க்கதை முழுவதையும் கொட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு இன்னும் நடந்தேதான் போகிறேன். பருப்புக்கீரை கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது, தட்டைப்பயறு கிடைக்கிறது, சுண்டுவிரல் அளவு வெண்டைக்காய் கிடைக்கிறது. புளி தீர்ந்தால் மாதுளைச் சாற்றைக் காய்ச்சிய பாகு ஊற்றி ரசம் வைக்கிறேன், அப்பா இப்போது அதைத்தான் கேட்கிறார். 2022 அக்டோபரில் விலைவாசி ஏற்றம் 85 சதவீதத்தைத் தாண்டியபோது, லீராவில் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் தக்காளியை எண்ணி வாங்கியதைப் பார்த்தேன். நமக்குப் பவுண்டில் வருகிறது, சமாளித்துவிட்டோம். அன்றைக்கு நிறுத்தியதுதான், அந்தச் சந்தையில் நான் பேரம் பேசுவதில்லை.

நீ பயப்படுவதெல்லாம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். 1957-இல் இந்த ஊரின் பெரும்பகுதி நிலநடுக்கத்தில் இடிந்து திரும்பக் கட்டியதுதான். 2023 பிப்ரவரியில் கிழக்கே ஐம்பதாயிரத்துக்கும் மேல் செத்துப்போனபோது, இங்கிருந்து போர்வை, அடுப்பு என்று லாரி லாரியாக அனுப்பினோம். நானும் மூட்டை கட்டினேன். டார்ச், விசில், தண்ணீர், செருப்பு, அப்பாவின் மாத்திரை எல்லாம் போட்டு ஒரு பையைக் கதவோரம் வைத்திருக்கிறேன்.

நீ வாய்விட்டுக் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் எரியூட்டு மையம் கிடையாது. எங்களில் யாருக்காவது ஏதாவது ஆனால் உடலை அங்கேதான் கொண்டுவர வேண்டியிருக்கும். அதற்கான காகிதம், பணம், யாரைக் கூப்பிட வேண்டும் என்ற விவரம் எல்லாம் நீல ஃபைலில் இருக்கிறது. பீரோவின் மேல்தட்டில். பேசியாயிற்று, இனி அதைப்பற்றி நீ யோசிக்க வேண்டாம்.

திரும்பி வருவதைப் பற்றி அப்பாவும் நானும் பேசினோம். ஒருவர் மட்டும் மிஞ்சும் காலம் வந்தால் உன்னிடம் வருவோம், இது சத்தியம். இப்போது வேண்டாம். 2022-க்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்களுக்குத் தங்கும் அனுமதி கிடைப்பது ரொம்பக் கடினமாகிவிட்டது. கையில் இருக்கும் அட்டையை விட்டுவிட்டால் மறுபடி வாங்க முடியும் என்று சொல்ல முடியாது.

சரி, நீ ஒன்று செய். இதுவரை மூன்று தடவை வந்தாய், மூன்றும் ஆகஸ்ட். வெயிலும் கூட்டமும்தான் பார்த்திருக்கிறாய். இந்தத் தடவை ஜனவரியில் வா. சாலிஷ் கடற்கரையில் பாதிக் கடை மூடியிருக்கும். கிழக்கே மலையெல்லாம் பனி, கீழே கடல். வீட்டுக்குள் ஈரம் ஏறும், சுவரில் பூஞ்சை பிடிக்கும், அதையும் பார். தெய்ஸே வீட்டு விறகடுப்பின்மேல் ஆரஞ்சுத் தோல் போட்டு வைப்பார், அந்த வாசனையில் உட்கார்ந்து பேசலாம். காயாகோய்க்கு மறுபடி போவோம். 1923-இல் கிரீஸோடு நடந்த மக்கள் பரிமாற்றத்தின்போது வெறிச்சோடிப்போன ஊர். கூரையில்லாத அந்தக் கல்வீடுகளை நீ வெயில் தாங்காமல் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுக் காருக்குத் திரும்பிவிட்டாய். குளிர்காலத்தில் அந்த வீடுகளுக்குள் புல் முளைத்து ஆடு மேயும். அங்கே உன்னோடு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் எனக்கு.

குளிர்காலத்தில் நேரடி விமானம் அரிது, இஸ்தான்புல்லில் மாறி தலமானுக்கு வா. உளுந்தம்பருப்பு இரண்டு கிலோ, பெருங்காயம், அப்பாவுக்கு அந்தப் பழைய அளவிலேயே ஒரு கம்பளிச் சட்டை கொண்டு வா. அப்பாவால் இன்னும் வண்டி ஓட்ட முடியாது, தெய்ஸேயின் மகன்தான் விமான நிலையத்துக்கு வருவான். அவனிடம் பணம் நீட்டாதே, வாங்க மாட்டான். அவன் மகளுக்கு ஆறு வயது, ஏதாவது கலர் பென்சில் பெட்டி வாங்கி வா.

அம்மா
ஃபெத்தியே