சாமான் கணக்கோட விபத்துக் கணக்கையும் ஒப்படைங்க: ராணுவ அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ராணுவ அதிகாரிகளுக்கும், பாதுகாப்புத் துறையில முடிவெடுக்கிற பெரியவங்களுக்கும், காரைக்குடி பக்கம் கோட்டையூர்லேருந்து ஒரு பழைய எம்டி டிரைவர், அதாவது பட்டாளத்து வண்டி ஓட்டினவன், வணக்கத்தோட எழுதுறது.

கேக்கவேண்டியத முதல்லயே கேட்டுடுறேன். ஒரு யூனிட் போஸ்ட்ட விட்டு எறங்கி இன்னொரு யூனிட் ஏறும்போது பொறுப்ப ஒப்படைச்சு வாங்குற ஹேண்டிங் டேக்கிங் நடக்குது இல்லீங்களா, அந்தப் பேப்பரோட ஒரே ஒரு பக்கம் சேருங்க. இந்த எடத்துல என்ன விபத்து நடந்துச்சு, எது நடக்க இருந்து தப்பிச்சுச்சு, எதனால. ஜெரிகேன், கம்பளி, ரவை எல்லாத்துக்கும் எண்ணிக் கையெழுத்து வாங்குறோம், போன குளிர்ல எந்த வளைவுல வண்டி சறுக்குச்சு, எந்த பங்கர்ல புகை தங்குச்சுன்னு மட்டும் யாரும் யாருக்கும் எழுதிக் குடுக்கிறதில்ல. போற ஆளு டீ குடிச்சுக்கிட்டே வாய்வார்த்தையா சொன்னா உண்டு, சொல்லலைன்னா இல்ல.

நடந்ததெல்லாம் உங்களுக்கு தெரியாததில்ல. 2022 டிசம்பர்ல வடக்கு சிக்கிம் ஜெமா பக்கம் வளைவுல வண்டி கவுந்து 16 பேரு செத்தாங்க. 2023 ஆகஸ்ட்ல லே பக்கம் கியாரிகிட்ட பள்ளத்துல விழுந்து 9 பேரு. 2024 ஜூன்ல லடாக்ல ஷியோக் ஆத்துல டேங்க்கோட பயிற்சியில இருந்தப்ப திடீர்னு தண்ணி ஏறி 5 பேரு. அதே வருஷம் டிசம்பர்ல பூஞ்ச்ல மறுபடியும் வண்டி, மறுபடியும் 5 பேரு. இதுல ஒருத்தர் மேலயும் எதிரியோட குண்டு படல. ரோடும் தண்ணியும்தான். ஒவ்வொண்ணுக்கும் கோர்ட் ஆஃப் என்கொயரின்னு ராணுவ விசாரணைக்கு உத்தரவு போடுவாங்க, சரிதான். அதுல கண்டுபிடிச்சது அடுத்த வாரம் அதே மாதிரி ரோட்டுல ஸ்டீரிங் புடிக்கிற பையனுக்கு, அவனுக்குப் புரியிற பாஷையில போய்ச் சேருதா? சர்வீஸ் பூரா மலையில வண்டி ஓட்டினவன் நான், என் கைக்கு அப்படி ஒரு தாளு வந்ததே இல்ல.

இப்ப ஏன் எழுதுறேன்னா, என் அண்ணன் மகன் வடக்க ஒரு உயரமான போஸ்ட்ல இருக்கான். பேரு, யூனிட் சொல்ல மாட்டேன், சொன்னா அவனுக்குத்தான் சிக்கல் வரும், என் வருத்தமே அதுதான். ராத்திரி பனி கொட்டி, குளிர்காய எரிக்கிற புகாரி அடுப்போட புகைக்குழாய் வாய் அடைஞ்சுபோச்சு. குளிருக்கு கதவு இடுக்குலயெல்லாம் சாக்கு அடைச்சிருக்காங்க. உள்ள படுத்திருந்தவங்களுக்கு தலைவலி, ஒருத்தனுக்கு வாந்தி. மேல ஏறினா தலைவலி வர்றது சகஜம்னு மாத்திரையப் போட்டுட்டு கம்பளிய இழுத்து மூடிக்கிட்டாங்க. இங்கதாங்க உயிரே போகுது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, அது குடுக்கிற தலைவலியும் உயரம் குடுக்கிற தலைவலியும் ஒண்ணுபோலவே இருக்கும். ரத்தத்துல ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கிற வாயு அது, 18,000 அடியில காத்தழுத்தமே நம்ம ஊர்ல இருக்கறதுல பாதிதான், மிச்சம் என்னங்க இருக்கும் அந்தப் பிள்ளைங்களுக்கு? சென்ட்ரி, அதாவது காவல் ஆள, மாத்த எழுப்ப வந்தவன் கூப்பிட்டுப் பாத்து எந்திரிக்கலைன்னு கதவ ஒதைச்சுத் தொறந்து, ஒவ்வொருத்தனையா தோள்பட்டையப் புடிச்சுப் பனியில இழுத்துப் போட்டிருக்கான். எல்லாரும் பொழைச்சாங்க.

பொழைச்சாங்கங்கிறதுனாலயே அது எங்கயும் எழுதப்படல. எழுதினா யார் புகாரிய அணைக்காம படுத்தது, யார் மேல சார்ஜ், அதாவது ஒழுங்கு நடவடிக்கைன்னு வரும். எல்லாரும் வாய மூடிக்கிட்டாங்க. கொஞ்ச நாள்ல யூனிட் எறங்கிருச்சு. அதே பங்கர், அதே குழாய், இப்ப வேற பசங்க தூங்குறாங்க. அவங்களுக்கு யாரு சொன்னது?

எங்க ஊர்ப் பக்கம் பெரிய வீடுகள வெளியூர்ல இருக்க செட்டியார்மாருங்க ஆளு வச்சுத்தான் பாத்துக்கிறாங்க. பழைய ஆளு புது ஆளுகிட்ட சாவிக்கொத்தக் குடுக்கும்போது, ரெண்டாங்கட்டுல இந்த உத்திரம் செல்லரிச்சிருக்கு, அடியில நிக்காத, மழைன்னா அந்தப் படி வழுக்கும்னு வீட்டச் சுத்திக் காட்டிட்டுத்தான் குடுப்பாரு. சொல்லாமப் போனா ஊரே திட்டும். ஒரு வீட்டுக்கு இருக்க இந்த முறை எல்லையில நிக்கிற பிள்ளைங்களுக்கு வேண்டாமா?

கோவமாத்தான் இருக்கு, மன்னிக்கணும். பெட்டி ஊருக்கு வரும்போது கலெக்டர் வர்றாரு, மந்திரி வர்றாரு, மலர்வளையம் வைக்கிறாங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்கள வரிசையா நிறுத்துறாங்க. அந்த மரியாதைய நான் குறைச்சுச் சொல்லல. ஆனா என்ன நடந்துச்சுங்கன்னு அந்தத் தாயி கேட்டா விபத்துங்கிற ஒரு வார்த்தைக்கு மேல பதில் வர மாட்டேங்குது. சிவகங்கை மாவட்டத்துல பட்டாளத்துக்கு ஆளு அனுப்பாத ஊரத் தேடணும். இது எங்க வீட்டு விஷயம்ங்க.

முடியாத காரியமும் இல்ல. விமானம் ஓட்டுறவங்க தப்பிச்ச கதைய பயமில்லாம எழுதி அனுப்ப 1976லேருந்தே அமெரிக்காவுல நாசா ஒரு ஏற்பாடு நடத்துது, பேர எடுத்துட்டு விஷயத்த மட்டும் எல்லாருக்கும் அனுப்புறாங்க. தரையில நிக்கிற சிப்பாய்க்கும் அதே வழிய வைங்க. எதிரிக்கு தெரியக்கூடாத எடம், பேரு, நம்பர் எதுவும் அதுல வேண்டாம். குழாய் பனியில அடைஞ்சுச்சு, தலைவலின்னா மொதல்ல கதவத் தொறன்னு எழுதினா எந்த ரகசியமும் வெளிய போகாது.

அதனால பணிவோட மறுபடியும் கேக்குறேன். ஹேண்டிங் டேக்கிங்ல ஒரு பக்கம். தமிழ்ல, இந்தியில, பஞ்சாபியில, அங்க நிக்கிறவன் எதுல படிப்பானோ அதுல. தப்பிச்சதையும் எழுதணும், எழுதினவன் மேல சார்ஜ் கிடையாதுன்னு உங்க கையெழுத்தோட ஒரு உத்தரவு. புகாரி எரியிற ஒவ்வொரு எடத்துலயும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம், குளிர்ல பேட்டரி சீக்கிரம் போயிரும், மாத்து பேட்டரியும் சேத்து. அக்டோபர்ல மேல பனி விழ ஆரம்பிச்சுரும், அதுக்கு முன்னாடி செஞ்சு குடுங்க சாப்.