காஞ்சியிலிருந்து திரும்பி வந்து

அன்புள்ள மாப்ளே,

(பேத்தி எடுத்தவனை இன்னும் இப்படிக் கூப்பிடலாமா என்று உன் வீட்டில் கேட்டால், என்னைப் பேசச் சொல்.)

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்கு விடு, உன் சோம்பல் எனக்குத் தெரியும். இங்கே பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. முகூர்த்தப் புடவை எடுக்கத்தான் காஞ்சிபுரம் போனோம். காந்தி ரோட்டில் ஒரு கடையில் இவர்கள் உட்கார்ந்ததும் எனக்கு அங்கே வேலையில்லை என்று தெரிந்துவிட்டது. ஆட்டோ பிடித்துக் கைலாசநாதர் கோயிலுக்குப் போய்விட்டேன்.

ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜர் மூன்று இடத்திலும் கூட்டம் நெரிகிறது. கைலாசநாதர் ஊரின் மேற்குக் கோடியில் தனியாக இருக்கிறார். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அடித்தளம் கருங்கல், மேலே முழுக்க மணற்கல். மணற்கல் செதுக்க இளகும், ஆனால் அதே இளக்கத்தால் மழையிலும் காற்றிலும் கரையும். பின்னால் வந்தவர்கள் அதைக் காப்பாற்றுகிறேன் என்று சுதை பூசியதில் பல சிற்பங்கள் முகம் தடித்து நிற்கின்றன. சுதை உதிர்ந்த இடத்தில்தான் பல்லவச் சிற்பியின் கை தெரிகிறது. சுற்றுச் சுவரை ஒட்டி 58 சிறு சந்நிதிகள். குனிந்து எட்டிப் பார்த்தால் சிலவற்றில் பழைய ஓவியம் திட்டுத் திட்டாக மிஞ்சியிருக்கிறது. உமையோடும் குழந்தை முருகனோடும் இருக்கும் சிவன், அதாவது சோமாஸ்கந்தர், கோட்டுருவில் பாதி தெரிகிறார், மீதியை நாம் மனதில் வரைந்துகொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கோயில் உனக்கும் சம்பந்தமுள்ளது. பூசலார் நாயனார் கதை ஞாபகம் இருக்கிறதா? காஞ்சியில் ராஜா கற்றளி எடுத்துக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிக்கிறான். சிவபெருமான் கனவில் வந்து, 'அன்று எனக்குத் திருநின்றவூரில் வேலை இருக்கிறது, நீ வேறு நாள் பார்' என்கிறார். அங்கே பூசலார் மனசுக்குள்ளேயே கட்டிய கோயிலுக்கும் அதே நாள். அந்தக் காஞ்சிக் கோயில் இதுதான் என்பார்கள். உன் மாமனார் ஊர்க்காரர்கள் அன்றைக்கே ராஜாவின் தேதியை மாற்ற வைத்திருக்கிறார்கள், நீ எம்மாத்திரம்!

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் வெட்டியது. 642-ல் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியத் தலைநகர் வாதாபியைப் பிடித்தானே, அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடிக்கிறான். தலைமுறை தலைமுறையாக வந்த வஞ்சம். பழி தீர்க்க எல்லா நியாயமும் அவன் பக்கம். கோயிலுக்குள் வந்து குவிந்து கிடந்த செல்வத்தைப் பார்க்கிறான், கைவைக்காமல் அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று தன் மொழியிலேயே வெட்டிவைத்துவிட்டுப் போகிறான். தன் பெருமையைச் சொல்லிக்கொள்ளத்தான் வெட்டினான், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் எதிரி ஊரில் கொள்ளையடிக்காததைப் பெருமையாக நினைத்தானே, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவன் ராணி லோகமாதேவி, புருஷன் காஞ்சியை வென்றதைக் கொண்டாடிக் கர்நாடகத்துப் பட்டடக்கல்லில் எடுத்த சிவன் கோயிலில் கைலாசநாதரின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். தோற்ற ஊரின் கோயிலைப் பார்த்து ஜெயித்தவர்கள் கட்டியது. ஜெயித்தது யார் என்று நீயே சொல்.

தோற்றவன் கதையும் இதே ஊரில்தான் இருக்கிறது. விக்கிரமாதித்தனிடம் காஞ்சியை இழந்து மீண்டும் பிடித்த நந்திவர்ம பல்லவமல்லன் எடுத்ததுதான் வைகுண்டப் பெருமாள் கோயில். திருமங்கையாழ்வார் பாடிய பரமேஸ்வர விண்ணகரம். அதன் திருச்சுற்றில் பல்லவர் வரலாறு முழுக்கச் சிற்ப வரிசையாக ஓடுகிறது. ராஜா வாரிசில்லாமல் இறந்துபோக, ஊர்ப் பெரியவர்கள் தூரதேசம் போய், கிளை வம்சத்தில் பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவனை அழைத்து வந்து முடிசூட்டுகிறார்கள். அந்தப் பையன்தான் நந்திவர்மன். படங்களுக்கு இடையே சிறு எழுத்தில் விளக்கமும் உண்டு. ஒரு ராஜா தன் பட்டாபிஷேகம் எப்படி நடந்தது என்று இவ்வளவு விவரமாகச் சொல்ல வேண்டியிருந்தால், அவன் உரிமையை அன்றைக்குச் சிலர் கேள்வி கேட்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, புடவைக்கு வருகிறேன். அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. விலையை இங்கே எழுதினால் உனக்குக் கண் மறுபடி மங்கிவிடும். கடைக்காரர் ஒரு தறி வீட்டுக்கு அழைத்துப் போனார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒவ்வொரு இழையிலும் இரண்டையும் கோத்து நெய்ய வேண்டும், அதுதான் கோர்வை. ஒருவரால் ஆகாது, ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். முன்பு வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். இப்போது அந்த நெசவாளரின் பையன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் இருக்கிறான், நெசவாளரின் மனைவிதான் உட்கார்கிறார். 'அவளுக்கும் முதுகுவலி வந்துவிட்டால் கோர்வை போடுவதை நிறுத்திவிடுவேன்' என்று சாதாரணமாகச் சொன்னார். கோயிலைப் பார்த்துக்கொள்ளத் தொல்லியல் துறை இருக்கிறது, அந்த நாடாவுக்கு யார் இருக்கிறார்கள்? பிள்ளையைத் தறியில் உட்கார் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. என் பெண்ணையே நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் வரதராஜர் கோயிலில் கோயில் இட்லி கிடைத்தது. மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்து, மிளகு, சீரகம், சுக்கு போட்டது. உனக்காக ஒரு துண்டு அதிகம் சாப்பிட்டேன். 2019-ல் அத்திவரதரைப் பார்க்க வெயிலில் வரிசையில் நின்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தாயே, அவர் அனந்தசரஸ் குளத்துக்குள் நிம்மதியாக இருக்கிறார். அடுத்த தரிசனம் 2059. நமக்கு அந்தக் கணக்கு வேண்டாம், உன் பேத்தியிடம் சொல்லிவை.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே வந்துவிடு. பந்தி வேலையை உன் தலையில்தான் கட்டப்போகிறேன். முடிந்த மறுவாரம் காஞ்சிக்கு இருவருமாகப் போவோம். கூட்டத்துக்கு முன் காலையிலேயே கைலாசநாதர், அப்புறம் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில், இந்த முறை அது விட்டுப்போனது. எந்த ரயிலில் வருகிறாய் என்று மட்டும் எழுது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்