அந்த மூன்று நாள்கள்

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று போனில் நீ கேட்டதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. "ஆண் ஹார்மோனைத் தடுக்கும் புளூட்டமைடு மருந்தைச் சினை எலிக்குச் சில நாள் மட்டும் கொடுத்ததால் ஆண் குட்டிகளுக்கு வந்த குறையை, பிறந்த பிறகு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுச் சரிசெய்ய முடியாதா?" என்றாய். முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் உன் ஆய்வே இருக்கிறது.

பாரிஸில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் செய்த முயல் பரிசோதனையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். கருப்பைக்குள் இருந்த குட்டிகளின் விந்தகங்களை அறுத்து எடுத்துவிட்டு, தாயின் வயிற்றைத் தைத்து, அவற்றை அங்கேயே வளரவிட்டார். எவ்வளவு சின்ன உயிர், எவ்வளவு நிதானமான கை! 1947இல் முடிவுகளை வெளியிட்டார். விந்தகம் இழந்த ஆண் கருக்களில் கருப்பையும் கருக்குழாயும் உருவாகியிருந்தன. விந்தகத்துக்குப் பதிலாக டெஸ்டோஸ்டிரோனை மட்டும் வைத்துப் பார்த்தபோது ஆணுக்குரிய உல்ஃபியன் நாளங்கள் நிலைத்தன. கருப்பையாகவும் கருக்குழாயாகவும் வளரும் முல்லேரியன் நாளங்களோ மறையவில்லை. அவற்றை மறைய வைப்பது விந்தகத்திலுள்ள செர்டோலி செல்கள் சுரக்கும் வேறொரு ஹார்மோன் என்பது பிறகு உறுதியானது. ஆணாக வளர்வது தானாக நடப்பதில்லை, கயல். விந்தகம் உரிய வேளையில் சுரந்தால்தான் நடக்கும்.

அந்த வேளை எது என்பதை எடின்பரோவில் ரிச்சர்ட் ஷார்ப் குழுவினர் 2008இல் காட்டினார்கள். எலியின் சினைக்காலம் ஏறக்குறைய 22 நாள். அதில் 15.5ஆம் நாளிலிருந்து 18.5ஆம் நாள் வரை ஆண்ட்ரோஜன், அதாவது டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன், வேலை செய்தாக வேண்டும். அந்த நாள்களில் புளூட்டமைடு தடுத்தால் விந்தகம் இறங்காது, சிறுநீர்த் துளை ஆண்குறியின் நுனியில் இல்லாமல் அடிப்புறத்தில் அமையும், ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரம் குறையும். அதே மருந்தைச் சில நாள் தள்ளிக் கொடுத்தால் இந்தக் குறைகள் வருவதில்லை. இத்தனைக்கும் அந்த நாள்களில் உறுப்புகள் கண்ணுக்குத் தெரியும்படி ஆணாக மாறத் தொடங்கியிருப்பதில்லை. உருவம் வருமுன்பே தீர்மானம் ஆகிவிடுகிறது. பிறகு போடும் ஊசி உறுப்பு வளரக் கொஞ்சம் உதவலாம்; தீர்மானத்தை மாற்றாது.

ஆண்ட்ரோஜனைத் தடுப்பவை மருந்துகள் மட்டுமல்ல. திராட்சைக்குத் தெளித்த வின்குளோசோலின் என்ற பூஞ்சைக்கொல்லியும் எலிகளில் இதையே செய்தது. ஆண் குட்டிகளுக்கு முலைக்காம்புகள் மறையாமல் நின்றன. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போல் செயல்படும் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ராலைச் சினைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்த மெக்லாக்லன் குழு, 1975இல், ஆண் குட்டிகளில் சுமார் 60 விழுக்காடு மலடானதாக எழுதியது. அதே மருந்தைக் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி எத்தனையோ கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே நாள் கணக்கில் கறாராக இரு. இணைசேர்ந்த பெண் எலியின் யோனித் துடைப்பில் விந்தணு தெரிந்த நாளைச் சில ஆய்வகங்கள் 0 என்றும் சில 1 என்றும் எண்ணும். மூன்று நாள் வேலையில் ஒரு நாள் பிசகினால் எல்லாம் போச்சு. உங்கள் ஆய்வக வழக்கம் எது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவை. ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரத்தை அளக்கும்போது குட்டியின் எடையையும் குறித்துக்கொள். பெரிய குட்டிக்குத் தூரமும் அதிகமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை பற்றிப் பேசத் தொடங்கியிருப்பதாகச் சொன்னாய். மனிதக் கருவில் ஆண்ட்ரோஜன் வேலை செய்தாக வேண்டிய அந்தக் காலம் 8 முதல் 14 வாரம் வரை என்று கணிக்கிறார்கள். வயிறுகூடத் தெரியாத நாள்கள் அவை. கூச்சப்படாமல் உன் கைடிடம் இப்போதே பேசு. மருந்துப் பொடியை நிறுப்பது, கலப்பது, எலிக்குப் புகட்டுவது எல்லாவற்றையும் அந்த மாதங்களில் வேறொருவர் செய்யட்டும். நீ அளப்பதையும் கணக்கையும் பார்த்துக்கொள். அவர் என்ன சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அன்புடன்,
அம்மா