கல்ச்சரில் வளராவிட்டால் பூஞ்சை இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

படர்தாமரை குறித்த உங்கள் கேள்வி-பதில் பகுதியில், கல்ச்சரில் (மாதிரியை ஆய்வகத்தில் உணவிட்டு வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) எதுவும் வளராவிட்டால் பூஞ்சைத் தொற்று இல்லை என்று கொள்ளலாம் என எழுதப்பட்டிருந்தது. அப்படிக் கொள்ள முடியாது. அந்தப் பூஞ்சைக்கு வேண்டிய உணவும் சூடும் கிடைத்தனவா, எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று பார்த்த பிறகே 'இல்லை' என்ற சொல்லுக்கு மதிப்பு.

ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படுவது சபூரோ அகர் என்ற வளர்தளம், அதாவது பூஞ்சை வளர்வதற்கான உணவுக் கட்டி. லிட்டருக்குக் குளுக்கோஸ் 40 கிராம், பெப்டோன் (செரித்த புரதம்) 10 கிராம், உறையவைக்கும் அகர் 15 கிராம், பி.எச். (புளிப்பு அளவு) 5.6. சர்க்கரையிலிருந்து கார்பனும் பெப்டோனிலிருந்து நைட்ரஜனும் கிடைத்துவிடும். புளிப்பு வைத்திருப்பது பாக்டீரியாவை அடக்க. அந்தப் புளிப்பாலேயே ஒரு சிக்கலும் உண்டு: ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலனில்) 121 டிகிரியில் 15 நிமிடத்தைத் தாண்டவிட்டாலோ, திரும்பத் திரும்ப உருக்கினாலோ அகர் சிதைந்து, கட்டியாகாமல் கூழாக நிற்கும்.

காற்றில் வந்து விழும் பூஞ்சைகளைத் தடுக்க இதில் லிட்டருக்கு அரை கிராம் சைக்ளோஹெக்சிமைடு என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். படர்தாமரைப் பூஞ்சைகள் அதைத் தாங்கும். நோய் தரும் வேறு பூஞ்சைகளான கிரிப்டோகாக்கஸ், ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ், 2021இல் 'கருப்புப் பூஞ்சை' என்று பேசப்பட்ட மியூக்கர் இனங்கள் ஆகியவை தாங்காது. எனவே மருந்து சேர்த்த குழாய் ஒன்று, சேர்க்காத குழாய் ஒன்று என இரண்டிலும் மாதிரியைப் போட வேண்டும். ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் பாதியைத் தேடாமலே விட்டதாகிவிடும். மியூக்கர் சந்தேகம் என்றால் இன்னொன்று: திசுவை அரைக்கவே கூடாது. அதன் இழைகளில் குறுக்குச் சுவர் அரிது. ஓரிடத்தில் கிழிந்தால் உள்ளிருப்பது வடிந்து இழையே செத்துப்போகும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி அகரில் அழுத்தி வைத்தால் மூன்று நாளுக்குள் பஞ்சு போல எழும்.

தேமலுக்கும் பொடுகுக்கும் தொடர்புள்ள மலசீசியா என்ற பூஞ்சையின் கதை வேறு. கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கும் திறன் அதற்கு இல்லை. தோலின் எண்ணெயை நம்பியே வாழ்கிறது. வெறும் சபூரோ அகரில் பட்டினிதான். மேலே சில சொட்டு ஆலிவ் எண்ணெய் பரப்பி 32-34 டிகிரியில் வைத்தால் வரும். பொடுகுத் தலையில் எண்ணெயை ஊறவைப்பவர்கள் இதை யோசிக்கலாம். தேமலுக்குக் கல்ச்சரே தேவையில்லை என்பது என் கருத்து: செதிலில் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால், நொறுங்கிய சேமியாவுக்கு நடுவே ஜவ்வரிசி கிடப்பது போலக் குட்டை இழைகளும் உருண்டைச் செல்களும் சேர்ந்து தெரியும்.

படர்தாமரைப் பூஞ்சை தோல், முடி, நகத்தில் உள்ள கெராட்டின் என்ற புரதத்தைத் தின்பது. வட்டத்தின் நடுவில் சுரண்டினால் கிடைக்காது. சிவந்து பரவும் விளிம்பில் சுரண்ட வேண்டும். 25-30 டிகிரியில் நான்கு வாரம் காத்திருக்காமல் 'வளர்ச்சி இல்லை' என்று அறிக்கை தருவது அவசரம். மாட்டிடமிருந்து தொற்றும் டிரைக்கோஃபைட்டான் வெருகோசம் மட்டும் விதிவிலக்கு: 37 டிகிரியில் நன்றாக வளரும், தயமின் என்ற வைட்டமினும் பெரும்பாலும் இனோசிட்டால் என்ற சத்தும் கேட்கும். மாடு வளர்ப்பவரா என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் ஆய்வகத்துக்குப் பாதி வேலை மிச்சம்.

சூட்டைப் பொறுத்து உருவம் மாறும் பூஞ்சைகளும் உண்டு. ஹிஸ்டோபிளாஸ்மா 25 டிகிரியில் இழை, உடலுக்குள் ஈஸ்ட் (தனித்தனிச் செல்). கேண்டிடா அல்பிகன்ஸ் கிட்டத்தட்டத் தலைகீழ்: ஈஸ்ட்டாக இருப்பதை அரை மில்லி சீரத்தில் (இரத்தத்தின் தெளிநீரில்) 37 டிகிரியில் வைத்தால் இரண்டு மூன்று மணியில் முளைக்குழாய் (செல்லிலிருந்து நீளும் இழை) விடும்; அதை வைத்தே இந்த இனத்தை அடையாளம் காண்பார்கள். ஈஸ்ட்டை அள்ளிப் போட்டால் முளைக்காது. தொட்டும் தொடாமலும் எடுத்தால் போதும். மூன்று மணியைத் தாண்டிப் பார்த்தால் மற்ற கேண்டிடாக்களும் நீண்டு ஏமாற்றும்.

அறிக்கை வாங்குபவர்கள் மாதிரி எத்தனை நாள், எத்தனை டிகிரியில், எந்த வளர்தளத்தில் வைக்கப்பட்டது என்று கேளுங்கள். பூஞ்சைக்களிம்பு தடவிக்கொண்டிருந்தால் அதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆசிரியர் ஒருவர்,
மதுரை