எங்கள் பந்தலில் காய் பிடித்தது: ஒரு நன்றி மடல்

ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு ஊரவர்களுக்கு வணக்கம்.

சென்ற கிழமை எங்கள் கொடித்தோடை (பாஷன் புரூட்) பந்தலின் கீழே விழுந்து கிடந்த பழங்களைப் பொறுக்கியபோது ஒரு கடகம் நிறைந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளாக அந்த இடத்தில் நான் கூட்டி அள்ளியது வெறும் பூக்களைத்தான். உதவியவர்களில் பலர் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பெயர் இல்லாவிட்டாலும், யாரைச் சொல்கிறேன் என்பது அவரவருக்குத் தெரியும்.

2010இல் மீளக்குடியேறி வந்தபோது எங்கள் வளவு முழுவதும் பற்றையாக இருந்தது. வீட்டுச் சுவரில் பாதி நின்றது. கிணற்றடியில், ஷெல் விழுந்து பட்டுப்போன மாமரம் ஒன்று நின்றது. மெல்ல மெல்லத் துப்புரவாக்கி ஒட்டு மா, மாதுளை, தேசி எல்லாம் வைத்தோம். 2021இல் மஞ்சள் கொடித்தோடை ஆறு கொடி நட்டோம். பந்தலுக்கு இடம் வேண்டுமென்று அந்தப் பட்ட மரத்தைத் தறித்தோம். பழைய மாட்டுக்கொட்டிலைப் பிரித்து, உழுத்த பனஞ்சிலாகைகளை அடுப்புக்கு விறகாக்கினோம். அடுத்த ஆண்டே கொடி பந்தலை மூடிப் பூத்தது. மதியம் திரும்பினால் வாசம் வீட்டுக்குள் வரும். ஆனால் ஒரு பிஞ்சும் நிற்கவில்லை. பசளை போட்டுப் பார்த்தோம், தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தோம். தான்தோன்றீஸ்வரருக்கு நேர்த்தியும் வைத்தேன்.

முதல் நன்றி, காட்டில் தேன் எடுத்து வாழ்ந்த அப்புவுக்கு. ஒரு நாள் மோர் குடிக்க வந்து திண்ணையில் இருந்தவர் பந்தலை நெடுநேரம் பார்த்தார். “பிள்ளை, இவ்வளவு பூவுக்குள் கருவண்டின் சத்தமே இல்லையே. கிணற்றடி மாமரத்தில் அல்லவா அது குடியிருந்தது, அந்த மரம் எங்கே?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

வண்டு என்று நாம் அழைத்தாலும் அது தேனீயின் இனந்தான். பெருவிரல் பருமனில் கன்னங்கரேலென்று இருக்கும். காய்ந்த மரத்தில் வட்டமாகத் துளை போட்டு, உள்ளே அறை அறையாகப் பிரித்து, மகரந்த உருண்டையின் மேல் முட்டையிடும். கொடித்தோடைப் பூ அந்த உடம்புக்கு அளவெடுத்தது போன்றது. தேன் பூவின் அடியில் இருக்கிறது. மகரந்தப் பைகள் ஐந்தும், மகரந்தத்தை ஏற்கும் சூல்முடிகள் மூன்றும் குடைபோல மேலே நிற்கின்றன. கருவண்டு தேன் குடித்துக்கொண்டு சுற்றி வரும்போது அதன் முதுகில் மகரந்தம் அப்பும், அடுத்த பூவில் அதே முதுகு சூல்முடியில் உரசும். சிறிய தேனீயும் வருகிறது. ஆனால் அது சூல்முடியைத் தொடாமலே மகரந்தத்தை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மரத்தையும் கொட்டிலையும் எரித்த அன்று, பந்தலில் வேலை செய்ய வேண்டியவர்களின் வீட்டையே எரித்திருக்கிறேன். அகதியாக அலைந்து திரும்பிய எனக்கு அது இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

அடுத்த நன்றி எங்கள் ஒழுங்கைத் தங்கச்சிக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருப்பதால் அங்கே படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வந்து போகிறார்கள்; அவளும் அவர்களில் ஒருத்தி. வண்டு இல்லாவிட்டால் கையால் மகரந்தம் தடவலாம் என்று அவள் சொல்லித் தந்தாள். நாற்பது பூவுக்கு மேல் தடவினோம். அத்தனையும் கொட்டின. அப்போதுதான் அவள், “அக்கா, இந்த ஆறு கொடியும் எங்கே எடுத்தது?” என்று கேட்டாள். ஒரே கொடியில் வெட்டிய தண்டுகளை முளைக்க வைத்துத்தான் ஆறையும் நட்டிருந்தேன். மஞ்சள் கொடித்தோடை தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை; தாய் ஒன்றென்றால் ஆறு கொடியும் ஒரே உடம்புதான். ஆக, வண்டு வந்திருந்தாலும் காய்த்திருக்காது. ஒரு குறையை அப்பு கண்டார், மற்றதை இந்தப் பிள்ளை கண்டாள். இருவரில் ஒருவர் இல்லாமல் போயிருந்தாலும் நான் இன்னமும் பசளை போட்டுக்கொண்டிருப்பேன்.

முத்தையன்கட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் விதையிலிருந்து வளர்த்த கொடி இருந்தது. கேட்டவுடன், “பூவைத்தானே கேட்கிறாய், எடுத்துக்கொண்டு போ” என்றார். இந்தப் பூ மதியத்தில்தான் விரியும், இரவாகும்போது மூடிவிடும், மறுநாள் திறக்காது. ஆகவே பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒழுங்கைப் பையன்கள் மூவர், சாப்பிட்டும் சாப்பிடாமலும் அந்த வெயிலில் சைக்கிள் மிதித்து, ஈரத் துணி மூடிய சட்டியில் பூ கொண்டு வந்தார்கள். பூ விரிந்தவுடன் சூல்முடிகள் மேல்நோக்கி நிற்கும். கொஞ்ச நேரம் பொறுத்தால் வளைந்து இறங்கும். அதுவரை காத்திருந்து தடவினோம். நாலாம் நாள் காலையில் சின்னவன் ஓடி வந்து, “பெரியம்மா, அடி பச்சையாகப் பருத்திருக்கிறது!” என்று கத்தினான். அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன். பிள்ளைகளே, முதற் கடகத்தில் பாதி உங்கள் மூன்று வீட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கும்.

ஆனால் எவ்வளவு நாளைக்குத்தான் கையால் தடவுவது? அப்பு காய்ந்த முள்முருங்கைத் துண்டுகளையும் மூன்று பனஞ்சிலாகையையும் தாமே கொண்டு வந்து, மழை படாத பக்கமாகப் பந்தல் காலில் கட்டினார். ஆசிரியை இரண்டு விதைக் கன்றுகள் தந்தார். இரண்டு மாதத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் சிலாகைக்குக் கீழே மா இடித்துக் கொட்டியது போல மரத்தூள் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தேன், வட்டமாக ஒரு துளை. சென்ற கிழமை பொறுக்கிய பழங்களில் என் கை படாதவையே அதிகம். கை தடவியதைவிட அவை பாரமாகவும் இருக்கின்றன. சூல்முடியில் மகரந்தம் நிறைய விழுந்தால் விதை நிறையப் பிடிக்கும்; ஒவ்வொரு விதையையும் சுற்றித்தானே சாறு.

பக்கத்துக் காணி அண்ணைக்கும் நன்றி சொல்ல வேண்டும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் காலையில் மருந்து அடித்து வந்தவர், தேனீக்கள் அடங்கிய பிறகு பின்னேரம் அடிக்கிறார். நான் ஒருமுறைதான் கேட்டேன். நாள் முழுவதும் வேலை செய்து களைத்த உடம்போடு அந்த நேரத்தில் மருந்துத் தாங்கியைத் தூக்குவது சின்ன விடயம் அல்ல, அண்ணை.

பழைய வீட்டின் பாதிச் சுவரை இடிக்க வந்த மேசன் தம்பி, வெடிப்பொன்றில் பிசினால் செய்த சிறு குழாய் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு அலவாங்கைக் கீழே வைத்துவிட்டார். கொசுத்தேனீயின் வாசல் அது. கொடுக்கில்லாத, எறும்பளவுப் பூச்சி. “அக்கா, இந்தத் துண்டு நிற்கட்டும்” என்று சொல்லி, அரைநாள் கூலியை விட்டுக்கொடுத்துப் போனார். இடுப்பளவுச் சுவர் இன்றும் நிற்கிறது. மாதுளை பூத்தால் அந்தக் குழாயிலிருந்து வரிசையாகப் பறக்கிறார்கள்.

மாமரத்தைப் பற்றி விவசாயப் போதனாசிரியர் சொன்னது என்னை வெட்கப்பட வைத்தது. மாம்பூவில் இலையான் மொய்த்தால் அருவருத்து விரட்டுகிறவள் நான். மாம்பூவின் தேன் திறந்தபடி கிடப்பதால், மாவுக்கு இலையான்களே முக்கியமான துணை என்றும், தாய்வானில் மாந்தோட்டக்காரர்கள் அவற்றை வளர்த்தே விடுகிறார்கள் என்றும் அவர் விளக்கினார். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரத்துக்கு மேலும் பூ இருக்கும். பழமாவது விரல்விட்டு எண்ணும் அளவுதான். அந்தச் சிலதும் இவர்கள் தொட்டுப் போனதால் வந்தவை. இப்போது மா பூக்கும் நாட்களில் மருந்துத் தாங்கியை வெளியே எடுப்பதில்லை.

என் பெரியம்மா ஒருவர் அன்னமுன்னா மரத்தடியில் அழுகிய பழங்களைக் குவித்து வைப்பார். ஊரே அவரைக் கடிந்துகொண்டது, நானும் கடிந்திருக்கிறேன். அன்னமுன்னாப் பூ முதலில் பெண்ணாகவும் பிறகு ஆணாகவும் இருக்கும். அதற்குள் புகுந்து மகரந்தம் மாற்றுவது எள்ளளவுச் சிறு வண்டுகள். பழம் அழுகும் மணத்துக்குத்தான் அவை வரும். பெரியம்மா, உங்கள் மரம் மட்டும் ஏன் அப்படிக் காய்க்கிறது என்பது இப்போது விளங்குகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கொடித்தோடைக் கன்று வேண்டுபவர்கள் வந்து எடுத்துச் செல்லலாம்; எங்கள் கொடியில் ஒன்றும் ஆசிரியையின் கொடியில் ஒன்றுமாகச் சேர்த்துத்தான் தருவேன். படலை திறந்தே இருக்கும். மதியம் ஒரு மணிக்குப் பிறகு வந்தால் பூ விரிவதைப் பார்க்கலாம், சிலாகையிலிருந்து அவர்கள் இறங்கி வரும் சத்தத்தையும் கேட்கலாம்.

அன்புடன்,
கிணற்றடிப் பந்தல் வீட்டு அக்கா
ஒட்டுசுட்டான்